கடலைக் கழித்து எழுதிய கணக்கு

ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு’ மாற்றிவிடுவதாகச் சொல்வது தமிழ்நாட்டில் பழகிப்போன பேச்சு. அந்தக் காடு எது என்று கேட்டால் பெரும்பாலோர் கை நீட்டும் திசை ராமநாதபுரம். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தமிழ்நாட்டின் கடற்கரை ஏறத்தாழ 1,076 கிலோமீட்டர். அதில் சுமார் 237 கிலோமீட்டர் இந்த ஒரு மாவட்டத்தில் கிடக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாக்கைப்போல நீளும் மண்டபம் முனை, அதற்கு அப்பால் ராமேசுவரம் தீவு. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு நாட்டைக் ‘காடு’ என்று அழைக்கும் அளவுக்கு நம் நினைவு எப்படி மாறியது? மழை குறைவு, மண் உவர் என்பது வழக்கமான பதில். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, இந்த மண்ணை ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஒரே குடையின்கீழ் வைத்திருந்த ராமநாதபுரம் ஜமீனின் வரலாற்றில் இருக்கிறது. கடலையும் நிலத்தையும் சேர்த்துப் பிழைத்த ஒரு சீமையை நிலத்தை மட்டும் அளந்து ஜமீனாக்கியபோதுதான் அதன் நிரந்தர வறுமைக்கு வித்திடப்பட்டது என்பது என் முடிவு.

முதலில் பெயரைப் பார்ப்போம். இங்கே ஆண்டவர்கள் தங்களை மலைக்கோ ஆற்றுக்கோ வயலுக்கோ உரியவர்களாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ‘சேதுபதி’ என்றார்கள், சேதுவின் தலைவர், ராமேசுவரத்துக்குப் போகும் கடல்வழியின் காவலர். மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ஐ ஒட்டிச் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றபோது முன்னிருந்த தேவையே யாத்திரிகர் பாதையைக் காப்பதுதான். காசியிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் மாதக்கணக்கில் நடந்து வந்தவர்கள் கடைசி நாற்பது ஐம்பது மைலில் கொள்ளை போனார்கள். அந்தப் பாதையில் காவல் போட்டு, சத்திரம் கட்டி, தோணி ஏற்றிவிடுகிற பொறுப்பை ஏற்றவருக்கே இந்த நாடு கிடைத்தது. இவர்களுக்கு முன்னும் சேது என்ற சொல்லுக்கு அரசியல் எடை இருந்தது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் ‘சேது’ என்றே பொறித்தார்கள். இரு கரைகளிலும் ஆண்டவர்கள் ஒரே நீர்வழியைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டது, அந்த நீர்வழியின் மதிப்பை எந்த இறையிலிச் செப்பேட்டையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

இந்தக் கடற்கரை சேதுபதிகளால் உண்டானதன்று. வைகை கடலைச் சேரும் இடத்துக்கு அருகே இருக்கும் அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகள் சங்ககாலத் துறைமுகம் ஒன்றை வெளிக்கொணர்ந்தன. ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அங்கே கிடைத்தன. தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகள், இடைக்காலத்தில் சீனம்வரை நீண்ட வாணிகத்தைக் காட்டுகின்றன. இன்று இவ்விரண்டும் சாதாரண ஊர்கள். வழிப்போக்கர் நின்று பார்க்கக்கூட மாட்டார். கடற்கரையில் துறைமுகத்தின் ஆயுள் மணல்மேட்டின் கையில் இருக்கிறது. ஓரிடத்தில் கழிமுகம் தூர்ந்தால் வணிகர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஊர் மாறினாலும் தொழில் மாறவில்லை. அழகன்குளத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் பிறகு அந்த இடத்தைப் பிடித்தது கீழக்கரை.

கீழக்கரையையும் ராமநாதபுரம் கோட்டையையும் பிரித்துவைத்துப் பேசுவது நம் வரலாற்றுப் புத்தகங்களின் பெருங்குறை. ஒன்றை ‘முஸ்லிம் வணிகர் ஊர்’ என்றும் மற்றொன்றை ‘மறவர் அரண்மனை’ என்றும் தனித்தனி அதிகாரங்களில் எழுதிவிடுகிறோம். இரண்டுக்கும் இடையே பதினேழு கிலோமீட்டர்தான். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கற்கோட்டை எழுப்பினார். அதே காலத்தில் கீழக்கரையில் செய்யிது அப்துல் காதிர் என்னும் மரைக்காயர் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார். தமிழர் அவரைச் சீதக்காதி என்று அறிவார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்ற வள்ளல் அவர். மிளகுக்கும் அரிசிக்கும் துணிக்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் அவரோடு பேரம் பேசின. சேதுபதி அவருக்குத் தம் குடும்பப் பெயரையே சேர்த்து ‘விஜயரகுநாத பெரியதம்பி மரைக்காயர்’ என்று பட்டம் கொடுத்தார். கோட்டையும் இராமலிங்க விலாச அரண்மனையும் அவருடைய உதவியால் எழுந்தவை என்பது அந்தப் பகுதியின் வழிவழிச் செய்தி. அது எழுத்துக்கு எழுத்து மெய்யா என்பதைவிட, அரண்மனையைக் கட்டக் கப்பல் பணம் தேவைப்பட்டது என்று மக்கள் தலைமுறைகளாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாட்டின் நிதி எங்கிருந்து வந்தது என்பது குடிகளுக்குத் தெரிந்திருந்தது.

கடல் கொடுத்தவற்றில் சங்குக்குத் தனி இடம் உண்டு. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் சில பாகம் ஆழத்தில், மணற்பாங்கான தரையில் சங்கு மேய்கிறது. குளிகாரர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேலே கொண்டுவருவார்கள். அந்தச் சங்கில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் தங்கவில்லை, வங்காளத்துக்குப் போயிற்று. அங்கே மணமான இந்துப் பெண்ணுக்குச் சங்கு வளை, நமக்குத் தாலிபோல. டாக்காவில் ஒரு தெரு முழுவதும் சங்கு அறுப்பவர்களுடையதாகவே இருந்தது. ஆக, வங்காளத்தில் எத்தனை திருமணங்கள் நடந்தன என்பதைப் பொறுத்து ராமநாதபுரத்துக் கஜானாவுக்கு வரவு இருந்தது. வைகையில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வரவு நிற்கவில்லை. டச்சுக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டில் சேதுபதிகளோடு மீண்டும் மீண்டும் சண்டையிட்டதும் உடன்படிக்கை செய்ததும் சங்குக்கும் முத்துக்கும் பாம்பன் வழிக்கும்தான். மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குப் போக, இலங்கையைச் சுற்றாமல் கடக்க உதவிய குறுகலான வாசல் பாம்பன். பாறை நிறைந்த, ஆழமில்லாத வாசல், ஆனாலும் வாசல். அதன் சாவி சேதுபதி கையில் இருந்தது.

நிலத்தின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே வற்றாத ஆறு இல்லை. வைகை மதுரையைத் தாண்டி, பரமக்குடியைத் தாண்டி, எஞ்சியதைக் கொண்டுவந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் கொட்டுகிறது. அதுவும் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்னும் ஊருக்குப் பக்கத்தில் கடலைப் பார்க்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டிவிடும். அதனால் மழைநீரைத் தேக்க ஆயிரக்கணக்கான கண்மாய்கள் வெட்டினார்கள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலியாக வெட்டினார்கள். நாரை பறந்து கடக்க முடியாது என்று சொல்லும் அளவுக்குப் பரந்த ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடை. கண்மாய் என்பது ஒருமுறை வெட்டிவிட்டால் தானாக நிற்பதன்று. ஆண்டுதோறும் வண்டல் அள்ள வேண்டும், கரையை மெத்த வேண்டும், கலுங்கைப் பழுது பார்க்க வேண்டும், வரத்துக்கால் தூர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில், அதாவது விளைச்சல் இல்லாமல் நிலவரி வராத அதே ஆண்டில்தான், வறண்ட கண்மாயைத் தோண்ட வசதிப்படும். கையில் காசில்லாதபோது செய்ய வேண்டிய வேலை அது. எங்கிருந்து காசு வரும்? சங்கிலிருந்தும் துறைமுகச் சுங்கத்திலிருந்தும் உப்பிலிருந்தும் வரலாம். பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாமா என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆராய ஆள் அனுப்பியவர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவு கட்டாது என்று விட்டுவிட்டார்கள். நூறாண்டு கழித்து, 1895-இல் பென்னிகுயிக் முடித்த வேலையின் முதல் எண்ணம் இந்த வறண்ட சீமையில் பிறந்தது. அப்படி எண்ண முடிந்த ஒரு நிர்வாகம் அன்று இங்கே இருந்தது.

அந்த நிர்வாகம் உடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1730-ஐ ஒட்டி, வாரிசுச் சண்டையின் முடிவில் சீமை ஐந்து கூறாகி, இரண்டு கூறு சிவகங்கையாகப் பிரிந்தது. 1772-இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் ராமநாதபுரத்தைப் பிடித்தன. சிறுவனான முத்துராமலிங்க சேதுபதி தாயோடு திருச்சியில் சிறை இருந்தார். பின்னர் ஆட்சி திரும்பக் கிடைத்தது. வளர்ந்தபின் துணி வாணிகத்திலும் தானியப் போக்குவரத்திலும் கம்பெனி கேட்ட வழியை விட அவர் மறுத்தார். ஆய்வாளர் எஸ்.எம். கமால் இந்த மோதலை விரிவாக எழுதியிருக்கிறார். 1795-இல் கம்பெனி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அவர் 1809-இல் சென்னையில் சிறைக்கைதியாகவே இறந்தார். கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் அலையவிட்டு, 1798 செப்டம்பரில் இராமலிங்க விலாசத்தில் சந்தித்தது நாமெல்லாம் அறிந்த கதை. அன்று அந்த மண்டபத்துக்கு உரியவர் சிறையில் இருந்தார் என்பது அந்தக் கதையில் பெரும்பாலும் வருவதில்லை.

1803-இல் முத்துராமலிங்க சேதுபதியின் சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்குக் கம்பெனி சன்னது என்னும் உரிமைப் பத்திரம் கொடுத்தது. நாடு ஜமீன் ஆயிற்று. இங்கேதான் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்து நிரந்தரத் தீர்வைக்கு அடிப்படை 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் ஒழுங்குவிதி. ஜமீன்தாருக்கு எது சேரும் என்று சொல்வதோடு எது சேராது என்றும் அது பட்டியல் போடுகிறது. உப்பு சேராது. வெடியுப்பு சேராது. ‘சாயர்’ எனப்பட்ட சுங்கம், கடல்வழி வந்தாலும் தரைவழி வந்தாலும், சேராது. சாராய வரி சேராது. இவை யாவும் சர்க்காருக்கே. உள்நாட்டில், நெல்லும் சோளமும் மட்டும் விளையும் ஒரு பாளையத்துக்கு இந்த விதியால் வந்த இழப்பு சிறிது. 2,000 சதுர மைலுக்கு மேல் பரந்து, இரண்டு கடலைத் தொட்டுக்கொண்டு கிடந்த ராமநாதபுரத்துக்கோ, இது ஒரு கையை வெட்டியதற்குச் சமம். கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் இறங்கிய சரக்கின் சுங்கம் இனிச் சென்னைக்குப் போயிற்று. 1805-இல் உப்பு முழுவதும் கம்பெனியின் தனியுரிமை ஆனது. கடலோரக் கழிகளில் கோடையில் தானாக விளையும் உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று. மறுபுறம், ஜமீன் கட்ட வேண்டிய பேஷ்குஷ் நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. மழை பெய்த ஆண்டிலும் அதே தொகை, பொய்த்த ஆண்டிலும் அதே தொகை. ஏறி இறங்கும் நிலவருவாயின்மேல் ஏறாத இறங்காத ஒரு கடமையை ஏற்றி, இடைவெளியை நிரப்பிவந்த கடல்வரவை எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் நடந்தவை இந்தக் கணக்கின் விளைவுகளாகவே எனக்குத் தெரிகின்றன. வட்டிக்கு வாங்கிப் பேஷ்குஷ் கட்டுவது, வட்டிக்காகக் கிராமங்களைக் குத்தகைக்கு எழுதிக் கொடுப்பது, குத்தகைதாரர் மூன்றாண்டில் தம் பணத்தை எடுக்கக் குடிகளைப் பிழிவது என்று சங்கிலி நீண்டது. கண்மாய்க் கரையை மெத்த எந்தக் குத்தகைதாரருக்கும் நேரமில்லை. வாரிசு வழக்குகள் வேறு. விதவையான ராணி பர்வதவர்த்தினி தத்தெடுத்தது செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1868-இல் முடிந்தது. தென்னாட்டு வழக்கப்படி, கணவனின் உறவினர் இசைவோடு விதவை தத்தெடுக்கலாம் என்றது தீர்ப்பு. இந்தியச் சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சட்டத்துக்கு அது செல்வம், ஜமீனுக்குச் செலவு. 1873-இல் ஜமீன், வயதுக்கு வராத வாரிசுகளின் சொத்தை அரசே பார்க்கும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்துக்குப் போயிற்று. 1889-இல் பாஸ்கர சேதுபதி பொறுப்பேற்றார். விவேகானந்தரை ஆதரித்தவர், 1897 ஜனவரி 26-இல் அவர் பாம்பனில் இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவர். அவர் தம் முப்பத்தைந்தாம் வயதில், 1903-இல், கடன் சூழ்ந்த நிலையில் மறைந்தார்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் வலுவானவை, தட்டிக்கழிக்கக் கூடாதவை. முதலாவது, சேதுபதிகளின் ஊதாரித்தனமும் கொடையும்தான் ஜமீனைக் கடனில் ஆழ்த்தின என்பது. கலெக்டர்களின் குறிப்புகளில் இந்தக் குற்றச்சாட்டு அடிக்கடி வரும். பாஸ்கர சேதுபதியின் கை நீளமானது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் கொடை இந்தப் பதவியின் ஆடம்பரமாக இருந்ததா, கடமையாக இருந்ததா என்று கேட்க வேண்டும். ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர்கள், வழிநெடுகச் சத்திரம் வைத்தவர்கள், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் நிலம் எழுதிக் கொடுத்தவர்கள் சேதுபதிகள். அந்தக் கொடை யாத்திரிகரை இழுத்தது. யாத்திரிகர் வந்ததால் தோணிக்காரரும் சத்திரத்துக்கு அரிசி விற்றவரும் சங்கு விற்றவரும் பிழைத்தார்கள், சுங்கம் வந்தது. செலவும் வரவும் ஒரு வட்டமாகச் சுற்றின. 1803-க்குப் பின் வரவின் பாதை சென்னைக்குத் திரும்பியது. செலவின் கடமை மட்டும் ராமநாதபுரத்தில் தங்கியது. பழைய கடமையைப் புதிய வருவாயில் செய்யப் பார்த்தவர்களை ஊதாரிகள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. மன்னராட்சியை நீ பொன்னாக்கிக் காட்டுகிறாய் என்பது. அருளானந்தர் என்று மக்கள் அழைத்த ஜான் டி பிரிட்டோ பாதிரியார் 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்துப் பாஸ்கர சேதுபதியின் பெயரில் வழக்கு நடந்து, 1908-இல் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும் உண்மை. விளைச்சலில் வாரம் வாங்கும் முறையில், களத்தில் நெல் அளக்கும்வரை குடியானவன் ஒரு மணியைத் தொட முடியாமல் காத்திருந்ததும் உண்மை. இந்த அநீதிகளை எதுவும் துடைக்காது. என் வாதம் மன்னர் நல்லவர் என்பதைப் பற்றியதன்று. ஒரு நாட்டின் வருவாய் எத்தனை காலில் நின்றது என்பதைப் பற்றியது. கொடுங்கோலனுடைய கஜானாவாக இருந்தாலும், அது நிலத்திலும் கடலிலும் ஊன்றி நின்றால் பஞ்ச ஆண்டில் அடுத்த கரையிலிருந்து அரிசி இறக்க முடியும். ஒற்றைக்காலில் நின்றால், நல்ல மன்னனாலும் அது முடியாது.

மூன்றாவதாக, கடல் வாணிகம் எப்படியும் வீழ்ந்திருக்கும் என்பார்கள். நீராவிக் கப்பல் வந்தபின் பாம்பனின் ஆழமில்லாத வாசலுக்கு என்ன வேலை? தூத்துக்குடி வளர்ந்தபின் கீழக்கரைக்கு என்ன எதிர்காலம்? இதில் உண்மை உண்டு. ஆனால் ஆங்கிலேயரே பாம்பன் வாசலைக் கைவிடவில்லை. பின்னாளில் கோதாவரி அணையால் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் இளைஞராக இருந்தபோது 1822-இல் பாம்பன் வழியை அளக்க அனுப்பப்பட்டார். தொடர்ந்து பல ஆண்டுகள் பாறையை வெடித்து, மணலை வாரி, வாசலை ஆழப்படுத்தினார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது, கப்பல் போக நடுவில் தூக்கி விலக்கும் கண் வைத்தே கட்டினார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிப் படகும், சென்னையிலிருந்து கொழும்புக்கு ‘போட் மெயிலும்’ ஓடின. வழி சாகவில்லை; அதன் ஆதாயம்தான் இடம் மாறியது. இந்த வழியாக ராமநாதபுரத்துக் கிராமத்து மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். அவர்களைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் மண்டபத்தில் இருந்தது. ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒருகாலத்தில் சங்கும் துணியும் ஏற்றிய கரை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்சங்களுக்குப் பின் ஆட்களை ஏற்றியது.

வறட்சி என்ற நான்காவது விளக்கத்துக்கு இதற்குள்ளேயே விடை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டிலும் இங்கே வானம் இதே வானம்தான். ஆனால் அன்று இது கோட்டை கட்டிய, மதுரை நாயக்கருக்கே ஆபத்தில் படை அனுப்பிய, ஐரோப்பியக் கம்பெனிகள் தூது அனுப்பிய நாடு. வானம் மாறாமல் நிலைமை மாறியிருந்தால், காரணத்தை வானத்தில் மட்டும் தேடக் கூடாது.

கடல் ஜமீனின் கையை விட்டு முழுவதும் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1802 விதியின் பட்டியலில் சங்கு இல்லை. சங்குப் படுகைகள் ஜமீனிடமே இருந்தன, குத்தகைக்கு விடப்பட்டன. அப்படி ஒரு படுகையில் குத்தகைதாரர் அனுமதியின்றிச் சங்கு எடுத்தது திருட்டா என்ற கேள்வி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கடலடியில் கிடக்கும் உயிர் யாருக்குச் சொந்தம்? நீதிமன்றம், இந்தப் படுகைகள் நெடுங்காலமாக ராமநாதபுரம் ராஜாவின் அனுபவத்தில் இருந்துவந்தவை என்று ஏற்று, அனுமதியின்றி எடுத்தது திருட்டே என்றது. அன்னக்குமாரு பிள்ளை வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற இந்தத் தீர்ப்பு, பாக் நீரிணையின் அடித்தரை ஒரு சமஸ்தானத்தின் ஆளுகைக்குள் இருந்ததற்கு நீதிமன்றம் கொடுத்த சான்று. 1974-இல் இந்திய அரசு கச்சத்தீவை இலங்கைக்குரியதாக ஒப்புக்கொண்டபோது தமிழகத் தரப்பு எழுப்பிய வாதத்தின் அடித்தளமும் ராமநாதபுரம் ஜமீன் உரிமைதான். கடலைக் கணக்கில் எழுதாத பழக்கம் டெல்லிவரை போய்விட்டது என்பது என் வருத்தம்.

1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி 1949-இல் ஜமீனை அரசு எடுத்துக்கொண்டது. உழுதவனுக்குப் பட்டா கிடைத்தது. அது நூறு மடங்கு நியாயம். ஆனால் அந்தச் சட்டமும் நிலத்தைப் பற்றியதே. நிலம் குடிகளுக்கு வந்தது. கரையோர மக்களுக்கு, பரதவருக்கும் கடையருக்கும் மரைக்காயருக்கும், கடலில் என்ன உரிமை என்று யாரும் எழுதவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்தத் துறை மீண்டும் எழவில்லை. விசைப்படகுகள் வந்தன, எல்லைக்கோடு வந்தது, 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. காக்க வேண்டிய கடல்தான். ஆனால் பாசி எடுக்கும் பெண்ணிடம் கேட்டு எழுதப்பட்ட விதிகள் அதில் எத்தனை? உள்நாட்டில் கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டியது. அதன் கரியை விற்றுப் பிழைப்பது ஒரு தொழிலாயிற்று. இத்தனைக்கு நடுவிலும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலில் விளையும் ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்த மண் கொஞ்சம் கைகொடுத்தால் எழுந்து நிற்கும்.

மாவட்டத்துக்கு இன்று திட்டம் போடுகிறவர்கள் மறுபடியும் காவிரித் தண்ணீர், வைகைப் பங்கு என்று நிலத்தின் தாகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். குடிநீர் வேண்டும், அதில் விவாதமில்லை. ஆனால் 237 கிலோமீட்டர் கரையை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுத் தீட்டும் எந்தத் திட்டமும் 1803-ஆம் ஆண்டுச் சன்னதையே திரும்ப எழுதுவதாகும். கீழக்கரையும் தேவிபட்டினமும் பாம்பனும் திருப்பாலைக்குடியும் இந்த மாவட்டத்தின் வாசற்படிகள். அவற்றைக் கொல்லைப்புறமாக நடத்துவதை நிறுத்த வேண்டும்.

ராமேசுவரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ராமநாதபுரத்தில் இறங்குங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் இராமலிங்க விலாசத்துக்குள் போய்ச் சுவர் ஓவியங்களைப் பாருங்கள். ராமாயணக் காட்சிகளுக்கு நடுவே, தஞ்சை மராட்டியரோடு நடந்த போருக்குப் பக்கத்தில், சேதுபதி ஐரோப்பியரை வரவேற்கும் காட்சியும் தீட்டியிருக்கிறது. அவர்கள் வந்தது கடல் வழியாக. பார்த்துவிட்டு நேரே பாலத்துக்குப் போகாமல், தெற்கே திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்குப் போய், கற்றூண்களோடு கோயில் மண்டபம்போல நிற்கும் பழைய ஜும்மா பள்ளியையும் பாருங்கள்.